பட்டும் நுரையும்

அருவியைப் படமெடுக்கச் சொல்லித் தருபவர்கள் முதலில் சொல்வது இதுதான்: கேமராவை முக்காலியில் நிறுத்து, ஷட்டரை ஓரிரு நொடி திறந்து வை, தண்ணீர் பட்டுப்போல விழும். ஒகேனக்கல் படங்களாக என் கண்ணில் படுபவற்றில் பலவும் இந்தப் பட்டுதான். கன்னடத்தில் ‘ஹொகெ’ என்றால் புகை. பாறையில் மோதிய துளிகள் புகையாக எழுவதைப் பார்த்து வைத்த பெயர் அது. பெயர் வைத்தவர்களுக்குக் கண் இருந்திருக்கிறது. பட்டுப் படத்தில் அந்தத் துளிகள் இல்லை. அசைவதெல்லாம் கலங்கிவிடும் என்பதால் மனிதர்கள் விலகும்வரை காத்திருக்கிறார்கள். கரையில் மீன் கழுவிப் பொரிக்கும் பெண்கள் சட்டகத்துக்குள் வருவதேயில்லை.

இந்த அழகு ஒரு குறைபாட்டிலிருந்து வந்தது. 1861இல் கார்ல்டன் வாட்கின்ஸ், கோவேறு கழுதைகளின் மேல் பெரிய கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனார். அன்றைய தகடுகளில் ஒளி மெதுவாகவே பதியும். விழும் தண்ணீர் வெறும் வெள்ளையாகத்தான் வரும், அவருக்கு வேறு வழியில்லை. இன்று நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் துளியை நிறுத்திப் பிடிக்கும் கருவி கையில் இருக்க, நாம் ஏன் இன்னும் தண்ணீரை வெளுத்துக்கொண்டிருக்கிறோம்?

இந்தக் கேள்வி எனக்கு ஒகேனக்கல்லில் எழவில்லை, வீட்டுப் பக்கத்தில் எழுந்தது. பெங்களூரின் கழிவைச் சுமந்தபடி பாகலூர்ப் பக்கமாகத் தமிழ்நாட்டுக்குள் வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் தேங்குகிறது. மழைக்காலத்தில் மதகைத் திறந்தால் நுரை மலைபோல எழும். ஒருமுறை நானும் முக்காலியோடு போய்ப் பட்டு முறையில் எடுத்தேன். எந்த நாள்காட்டியிலும் போடலாம், அவ்வளவு அழகு. மூக்கைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு எடுத்த படம் என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? பிறகு ஃபோனோடு குனிந்து, கரைப் புல்லில் ஒட்டியிருந்த நுரையை நெருங்கி எடுத்தேன். குமிழியின் தோலில் எண்ணெய்ப் பளபளப்பு, அடியில் சாம்பல் நிறக் கசடு. முதல் படம் பொய் என்று சொன்னது இந்த இரண்டாவது படம்தான்.

நெருங்கி எடுத்த படத்தைக் காட்டினால் பெண்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பாராட்டு ஒன்று உண்டு: “பெண்ணுக்கே உரிய நுட்பமான பார்வை.” எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல். இமொஜென் கன்னிங்ஹாம் 1910இல் சியாட்டிலில் சொந்த ஸ்டுடியோ தொடங்கியவர். பிறகு மூன்று சிறு பிள்ளைகள். வீட்டைவிட்டு நகர முடியாத அந்த வருடங்களில் தோட்டத்துச் செடிகளைப் படமெடுத்தார். 1925இன் மக்னோலியா மலர் படம் அப்படி வந்ததுதான். அதைப் பெண்மை என்று மெச்சுபவர்கள், கழுதைகளோடு மலையேறியதை ஆண்மையின் இயல்பு என்று எழுதுவார்களா? அது துணிச்சல், பயணம், சாதனை. மக்னோலியாவைத் துல்லியமாக்கியது பெண்மை அல்ல, கூர்மையான வேலை. வேலி போட்ட இடத்துக்குள் நின்று அவர் செய்த வேலை. வேலியையும் சேர்த்துப் புகழ வேண்டியதில்லை.

நம் வேலி வேறு மாதிரி. அருவிக்கு நல்ல வெளிச்சம் விடியற்காலையில்தான். பாகலூரிலிருந்து போகிறவள் முந்தின இரவே அங்கே தங்க வேண்டும். தனியாக வந்த பெண்ணிடம் விடுதிக்காரர் கேட்கும் முதல் கேள்வி, “கூட யாரும் வரலையாம்மா?” அதனால் சின்னதைத்தான் எடுக்க வேண்டும் என்றோ, முக்காலியைத் தூக்கிப் போட வேண்டும் என்றோ நான் சொல்லவில்லை. விடியற்கால ஒகேனக்கல் எனக்கும் வேண்டும், துளியும் புகையும் மீன்காரப் பெண்களுமாக.

பசுமைக்குடிலில் ரோஜா வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்காவிடம் இரண்டு நுரைப் படங்களையும் காட்டினேன். முதல் படத்தைத் தள்ளிவிட்டு இரண்டாவதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். இலையைத் திருப்பி அடியில் சிவப்புச் சிலந்திப்பேன் தேடுவது அவருடைய தினசரி வேலை. கண்டால் ஃபோனில் நெருக்கமாக எடுத்து மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். என்னுடையதைவிடத் தெளிவான படங்கள். நாலைந்தைக் காட்டினார். மற்றவை எங்கே என்று கேட்டேன். மருந்து அடித்ததும் அழித்துவிடுவாராம், ஃபோனில் இடம் இல்லை.