டர்ட்டி கவ்: டர்ட்டி பிட்டை நம்பியதுதான் பிரச்சினை

லினக்ஸ் கர்னலின் டர்ட்டி கவ் ஓட்டையைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான். ரேஸ் கண்டிஷன், இரண்டு த்ரெட், ரூட் கிடைத்தது, 2016 அக்டோபரில் லினஸ் சரிசெய்தார், சுபம். கதையில் தப்பில்லை. ஆனால் அந்தச் "சரிசெய்தார்" என்ற இடத்தில் எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் கேள்வியே ஆரம்பிக்கிறது. நான் கர்னல் டெவலப்பர் கிடையாது. பகலில் வேறு கோட், ராத்திரியில் பழைய கமிட்களைத் தோண்டுவது பொழுதுபோக்கு. தோண்டியதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஓட்டை. ஒரு ஃபைலை "ப்ரைவேட்" ஆக மெமரியில் மேப் செய்தால், அதில் எழுதும்போது கர்னல் அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் எடுத்து அதில்தான் எழுதவிடும். இதுதான் காப்பி-ஆன்-ரைட். படிக்க மட்டும் அனுமதி உள்ள மேப்பிங்காக இருந்தாலும், டீபக்கர்களின் வசதிக்காக ப்ராக் வழியாக நம் சொந்த மெமரியில் எழுத கர்னல் அனுமதிக்கும். நகலில்தானே எழுதுகிறோம், யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் எங்கே என்றால், இந்த வேலை ஒரே மூச்சில் நடப்பதில்லை. கர்னல் ஒரு லூப்பில் சுற்றுகிறது. "எழுதணும், பக்கம் கொடு" என்று கேட்கும். கிடைக்காது. நகல் எடுக்கும். மேப்பிங்கில் எழுத அனுமதி இல்லாததால் மறுபடி கேட்டாலும் கிடைக்காது. அதனால் ஒரு குறுக்குவழி: நகல்தான் எடுத்தாச்சே என்று "எழுதணும்" என்ற கொடியை இறக்கிவிட்டு, "படிக்கணும்" என்று கேட்கும். சரியாக அந்த இடைவெளியில் இன்னொரு த்ரெட் எம்-அட்வைஸ் வழியாக "இந்தப் பக்கம் எனக்கு வேண்டாம்" என்று நகலைத் தூக்கிப்போட்டால்? படிக்கக் கேட்டவனுக்கு அசல் பக்கம் வருகிறது. கர்னல் அதில் எழுதுகிறது. பதிவு அலுவலகத்தில் நகலில் திருத்தம் போடுகிறேன் என்று போனவன் கையில், யாரோ நகலைக் கிழித்ததால், மூலப்பத்திரமே வந்து சேர்ந்த மாதிரி.

இதை வெறும் ரேஸ் என்று சொல்வது எனக்குச் சம்மதமில்லை. கோட் தன் நோக்கத்தைத் தானே மறைத்துக்கொண்டது. நேரக்கணக்கு அதை வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

லினஸின் கமிட் செய்தி நேர்மையானது, அதை மறுக்க முடியாது. 2005-லேயே இதைச் சரிசெய்ய முயன்றதாகவும், அது மோசமான முயற்சி என்றும், எஸ்390 மெயின்ஃப்ரேமில் பிரச்சினை வந்ததால் திரும்ப எடுக்கப்பட்டது என்றும் அவரே எழுதுகிறார். காரணம் சுவாரஸ்யமானது. அந்த 2005 திருத்தம், நகல் எடுத்தாச்சா என்பதை பேஜ் டேபிளில் உள்ள டர்ட்டி பிட்டை வைத்துக் கண்டுபிடித்தது. எஸ்390-இல் அன்று அந்தத் தகவல் பேஜ் டேபிளில் இல்லை, நிஜப் பக்கத்தோடு ஒட்டிய ஸ்டோரேஜ் கீயில் இருந்தது. பிட் எப்போதுமே காலி. வேலை முடியவே முடியாது.

அந்தத் தடை 2013-இல், 3.9 வெர்ஷனில், எஸ்390-க்கு மென்பொருள் டர்ட்டி பிட் வந்ததும் நீங்கிவிட்டது. அதன் பிறகும் மூன்றரை வருஷம் யாரும் பழைய திருத்தத்தை நினைத்துப் பார்க்கவில்லை. "தியரியில் மட்டும் சாத்தியம்" என்று ஒரு பக்கை ஒருமுறை முத்திரை குத்திவிட்டால் அதற்கு ரிமைண்டர் கிடையாது போலிருக்கிறது! கடைசியில் ஃபில் ஓஸ்டர் என்பவர் தன் சர்வருக்கு வந்த எச்டிடிபி ட்ராஃபிக்கைப் பிடித்துவைத்திருந்ததால்தான், யாரோ ஏற்கெனவே இதைப் பயன்படுத்துவது தெரிந்தது. 2017-இல் இதையே வைத்து ஆண்ட்ராய்டு போன்களில் ஸ்நியூ என்ற மால்வேர் பரவியதை ட்ரெண்ட் மைக்ரோ வெளியிட்டது.

இப்போது 2016 திருத்தத்துக்கு வருவோம். கொடியை இறக்கும் விளையாட்டை அது நிறுத்தியது. நல்லது. பதிலாக "நகல் எடுத்தாச்சு" என்று ஒரு புதுக் கொடி, கூடவே டர்ட்டி பிட் இருந்தால்தான் எழுதலாம் என்ற சோதனை. அதாவது 2005-இல் நம்பிய அதே சாட்சி! டர்ட்டி என்றால் இந்தப் பக்கம் எழுதப்பட்டது என்றுதான் அர்த்தம். இது என் சொந்த நகல் என்று அந்த பிட் எங்கேயும் சொல்லவில்லை.

சாட்சி இரண்டு தடவை பிறழ்ந்தது. 2017-இல் ஹியூஜ் டர்ட்டி கவ்: பெரிய பக்கங்களுக்கான கோட், நகல் எடுக்காமலேயே டர்ட்டி என்று குறித்துவிட முடிந்தது. 2022-இல் இன்னொன்று: டெம்ப்-எஃப்எஸ் ஃபைல்களில், 5.16-இல் வந்த ஒரு யூசர்ஃபால்ட் மாற்றம் பிட்டை நிபந்தனையில்லாமல் ஏற்றிவிட்டது. இரண்டு இடத்திலும் அந்த கோடை எழுதியவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தங்கள் ஒரு பிட்டின் மேல் வேறொரு இடத்தில் பாதுகாப்பே நிற்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

2022-இல் டேவிட் ஹில்டன்பிராண்ட் செய்த திருத்தம்தான் எனக்குப் பிடித்தது. 2016-இல் வந்த கொடியையே தூக்கிவிட்டார். பதிலாகக் கேட்கும் கேள்வி நேரடியானது: இது ஃபைலுக்குச் சொந்தமில்லாத பக்கமா, இந்த ப்ராசஸுக்கு மட்டும் உரியதா? அதற்கென்றே தனியாக ஒரு குறி அதே வருஷம்தான் கர்னலுக்குள் வந்திருந்தது. டர்ட்டி பிட் சோதனை இப்போது தீர்ப்பு சொல்லும் இடத்தில் இல்லை.