ஒளிக்கு வழிகாட்டி வேண்டுமா?

தனிநாயக அடிகளாரின் பெருமுயற்சியால் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் கூடியது. அதே ஆண்டு ஜூலையில், கண்ணாடி இழைவழியே செய்தியை ஒளியாக அனுப்பலாம் என்னும் ஆய்வுரையைச் சார்லஸ் காவோவும் ஹாக்கமும் இங்கிலாந்தில் வெளியிட்டனர். அம்மொழியாராய்ச்சியும் இவ்வொளியாராய்ச்சியும் இன்று நம் வகுப்பறையில் சந்திக்கின்றன. சந்திக்குமிடத்தில் சொல் தடுமாறுகிறது.

பொருளை முதலில் காண்போம். ஒளியைப் பிரித்தல், சேர்த்தல், தடுத்து விடுத்தல் ஆகிய தொழில்களை ஒரு சிறு தகட்டிலேயே அடக்கலாம் என்று 1969-இல் அமெரிக்கப் பெல் ஆய்வகத்து ஸ்டுவர்ட் மில்லர் எழுதினார். இதற்குக் கண்ணாடி நன்கு பயன்படுகிறது. சோடியம் கலந்த கண்ணாடித் தகட்டை உலோகப் படலத்தால் மூடி, மெல்லிய கோடுகளை மட்டும் திறந்துவிட்டு, உருகிய வெள்ளி நைட்ரேட் உப்பில் அமிழ்த்துவர். கோட்டின்வழியே சோடிய அயனி வெளியேற, வெள்ளி அயனி உட்புகும். அவ்விடத்தில் ஒளிவிலகல் எண் சிறிதே உயரும். அதனுட் புகுந்த ஒளி, முழு அக எதிரொளிப்பால் வெளியேற மாட்டாது அதனூடே ஓடும்.

இதனைச் சிலர் ‘அலைவழிகாட்டி’ என்கின்றனர். வழிகாட்டி, வழியைக் காட்டி நிற்பவன். பின்பற்றுவதும் விடுவதும் வழிப்போக்கன் விருப்பம். ஒளிக்கோ இங்கு அவ்விருப்பம் இல்லை. ‘அலைநடத்தி’ என்பது சற்று மேலானது. ஆயினும் மின்சாரப் பாடத்தில் ‘கடத்தி’யைக் கற்ற மாணவன் இரண்டையும் ஒன்றெனக் கொள்வான்.

‘ஒருங்கிணைந்த ஒளிச்சுற்று’ என்பது இன்னும் குழப்பும். மின்னோட்டம் புறப்பட்ட இடத்துக்கே மீள வேண்டும். சுற்று அறுந்தால் விளக்கு எரியாது. ஒளிக்கு அக்கட்டாயம் இல்லை. ஒரு விளிம்பிற் புகுந்து மறு விளிம்பில் வெளியேறும். ஆங்கிலத்தார் பழைய சொல்லைப் புதிய பொருளுக்கு நீட்டிக்கொண்டனர். அந்நீட்சியையும் நாம் மொழிபெயர்க்க வேண்டுமா?

‘ஒளிவாய்க்கால்’ என்பதே தக்கது என்பேன். வாய்க்கால் கிளைக்கும், கூடும், மதகு தாங்கும். அத்தகட்டின் தொழில்களும் அவையே. பல வாய்க்கால் கூடியது ‘ஒளிவாய்க்கால் தொகுதி’. பால்மரத்தின் வெட்டுக்கோட்டில் பால் ஓடி மங்கில் சேர்வதைக் கண்ட தோட்டத்து மாணவனுக்கு இது உடனே விளங்கும். இச்சொல்லுக்கும் ஒரு குறை உண்டு. இது பள்ளமன்று; கண்ணாடிக்குள் கண்ணாடி. அக்குறையை ஆசிரியர் ஒரு வாக்கியத்தில் நீக்கலாம்.

இஃது அரிய பொருள், நமக்கெதற்கு எனல் வேண்டா. 2010 மார்ச்சில் பங்சார், ஷா ஆலம் முதலிய இடங்களில் ஒளியிழை இணையம் தொடங்கியது. இத்தகைய வலைகளில் ஓரிழை ஒளியை 8 அல்லது 32 கிளையாகப் பிரித்து வீடுதோறும் சேர்ப்பது இவ்வாய்க்காற் சில்லே. பிரிக்பீல்ட்சுக்கு அண்மையிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கென்றே ஆய்வு மையம் உண்டு.

2003-இல் அறிவியல் பாடம் ஆங்கிலத்துக்கு மாறியது. 2009-இல் அம்முறையைக் கைவிட முடிவாயிற்று. 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. தமிழால் அறிவியல் இயலுமா என்னும் வினாவுக்கு முழக்கம் விடையாகாது. சொல் சொல்லாகவே விடையிறுத்தல் வேண்டும். கலைச்சொல் எதையும் ஏற்குமுன் ஆசிரிய அன்பர்கள் ஒன்று செய்க: அச்சொல்லை மட்டும் சொல்லி, மாணவன் கரும்பலகையில் என்ன வரைகிறான் என்று பார்க்க.