ஆழியாறு பங்களாவில் ஒரு புகார்

‘காதலிக்க நேரமில்லை’யை நான் முழுதாகப் பார்த்தது போன மாதம்தான். அதற்கு முன் அந்தப் படம் எனக்கு ஒரே ஒரு காட்சி. நாகேஷ் வாயாலேயே ஓசை எழுப்பிப் பேய்க்கதை சொல்ல, பாலையா நாற்காலியில் ஒடுங்கிப்போவாரே, அது. நம்மில் பலருக்குப் பழைய நகைச்சுவைப் படங்கள் இப்படித் துண்டுகளாகத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. துண்டில் பெண்கள் இருப்பதில்லை. முழுப் படத்தில் இருக்கிறார்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் அம்மாயி வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். ஆழியாறு அணையும் மலையும் திரையில் வந்ததுமே அம்மாயி நிமிர்ந்துவிட்டார். “இங்கதான் எடுத்தாங்க கண்ணு. ஆம்பளைக எல்லாம் சைக்கிள்ல போயி வேடிக்கை பாத்துட்டு வந்தாங்க. எங்கள ஆரு உட்டாங்க?” 1964இல் வந்த படம். அறுபது வருடம் கழித்து அந்த வேடிக்கையை அவர் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் எழுதிய வசனத்தில் இன்றைக்கும் ஈரம் காயவில்லை. பணக்காரச் சம்பந்தம் என்றதும் பாலையாவின் முதுகு வளைகிற வளைவு ஒன்றே போதும், கொங்கு நாட்டுக் கல்யாணப் பேச்சுகள் எத்தனையோ நினைவுக்கு வரும். அப்பாவின் பேராசையைக் கேலி செய்கிற படம் இது. அந்தக் கேலி இன்னும் நமக்குத் தேவைப்படுகிறது.

என்னை நிறுத்தியது வேறொரு இடம். எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனின் பெண்கள் காஞ்சனாவும் நிர்மலாவும் மதராஸில் படித்துத் திரும்புகிறார்கள். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அசோக்குடன் உரசல். பெண்கள் அப்பாவிடம் சொல்ல, அவனுக்கு வேலை போகிறது. அவன் பங்களாவுக்கு எதிரே முகாம் போட்டு ஆடிப்பாடி நியாயம் கேட்கிறான். பாட்டு துள்ளலானது, ரவிச்சந்திரன் அழகன். பாட்டு முடிவதற்குள் நாம் அவன் கட்சி. பெண்கள் சொன்ன புகார் என்ன ஆயிற்று? அது பணக்காரப் பெண்களின் திமிராகிவிட்டது. அதற்குச் சரியான மருந்து காதல் என்று கதை முடிவெடுத்து, நிர்மலாவையே அவனைக் காதலிக்கவும் வைக்கிறது.

வீட்டு வாசலை விட்டு நகராத ஒருவனை நகைச்சுவை என்று ஏற்றுக்கொள்ள நமக்குப் பழக்கியது இந்த ஒரு படமல்ல. ஆனாலும் ஆழியாறு பொள்ளாச்சியிலிருந்து கூப்பிடு தூரம். 2019இல் அதே பொள்ளாச்சியில் பாலியல் வன்முறை குறித்துப் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் வெளியே சொல்லப்பட்டது. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. படத்தையும் அந்தக் கொடுமையையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. புகார் சொல்லும் பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதை மட்டும்தான் கேட்கிறேன். அந்தப் பார்வைக்கு நாம் எந்தெந்தப் பாட்டில் தாளம் போட்டோம்?

இனி சச்சு. துண்டுக் காட்சிகளில் நான் அதிகம் பார்த்திராத இவருக்காகவே படத்தை மறுபடி ஓட்டினேன். எஸ்டேட் மேனேஜர் மகள் மீனாட்சி. ஓஹோ புரொடக்ஷன்ஸ் என்று பெயர் மட்டும் வைத்துக்கொண்டு அப்பாவின் பணத்துக்குக் காத்திருக்கும் செல்லப்பா, அவளைக் கதாநாயகியாக்குகிறேன் என்கிறான். அவனுக்கு இது விளையாட்டு, பாதி காதல். சச்சுவின் கண்ணைப் பாருங்கள், அவளுக்கு அது வேலை. நாகேஷின் வேகத்துக்கு முன்னால் பலர் காணாமல் போயிருக்கிறார்கள். சச்சு போகவில்லை.

‘வீரத் திருமகன்’ (1962) படத்தின் கதாநாயகி அவர். இரண்டே வருடத்தில் நகைச்சுவை ஜோடி, அதன்பின் பெரும்பாலும் அந்த வரிசைதான். நாகேஷுக்கு நகைச்சுவை ஏணி. ஒரு நடிகைக்கு அதுவே ஒரு படி இறக்கம் என்று கணக்குப் போட்டவர்கள் யார்? நம் நகைச்சுவை வரலாறுகள் நடிகர்களின் பெயர்களால் எழுதப்படுவதற்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பில்லாமல் இல்லை. (மனோரமாவை விதிவிலக்கு என்பார்கள். ஒருவரைக் காட்டி மற்றவர்களை மறப்பது சுலபம்.)

கடைசிக் குழப்பம் அவிழ்வதற்குள் அம்மாயி தூங்கிவிட்டார். காலையில் காபி குடிக்கும்போது கேட்டார்: “அந்த மேனேஜர் புள்ள கடைசீல சினிமால நடிச்சுதா?”

“கல்யாணம் ஆயிருச்சு, அம்மாயி.”