எக்ஸ் என்க

கணக்குப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி, ‘எக்ஸ் என்க’. தெரியாததற்கு ஒரு பெயர் வைத்துவிட்டாலே பாதிக் கணக்கு முடிந்தது.

அப்பா, மகன் வயது விகிதம் 7:2. ஐந்து ஆண்டு கழித்து 8:3. இப்போதைய வயது என்ன?

7எக்ஸ், 2எக்ஸ் என்று எழுதி, இரண்டிலும் ஐந்தைக் கூட்டிக் குறுக்கே பெருக்கினால், 21எக்ஸ் + 15 = 16எக்ஸ் + 40. எக்ஸ் ஒருபக்கம், எண் மறுபக்கம் ஒதுங்க, 5எக்ஸ் = 25. அப்பாவுக்கு 35, மகனுக்கு 10.

விடை வந்தபின் கேள்வியை மறுபடி பாருங்கள். 7க்கும் 2க்கும் இடைவெளி 5 பங்கு. 8க்கும் 3க்கும் அதே 5. வயது வித்தியாசம் என்றும் மாறாது. ஆகவே பங்கின் அளவும் மாறவில்லை. இருவரும் ஆளுக்கு ஒரு பங்கு ஏறியிருக்கிறார்கள். ஒரு பங்கு ஐந்து வருடம்! சமன்பாடு விடை தந்தது. விகிதம் காரணத்தையே காட்டிவிட்டது. அந்த நொடிக்காகவே இன்னொரு கணக்கு போடலாம்.