'கிஃப்ட்' என்னும் சொல்: கொடையும் நஞ்சும்

ஆங்கிலத்தில் 'கிஃப்ட்' என்பது பரிசு. ஜெர்மன் மொழியில் அது நஞ்சு. சுவீடிய மொழியிலோ அது நஞ்சையும் குறிக்கும், 'மணமானவர்' என்றும் பொருள்படும். ஒரே குடும்பத்து மொழிகளில் ஒரு சிறுசொல் இவ்வாறு முரண்படக் கண்டோர் சிலர், கொடையினுள் நஞ்சு உறைதலைப் பண்டை ஜெர்மானிய மக்கள் உணர்ந்திருந்தனர் என்பர். அக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இச்சொற்கள் அனைத்தும் 'கொடு' என்னும் பொருளுடைய ஜெர்மானிய வினையடியிற் பிறந்தவை. கொடுத்தற் பொருளோடு மகட்கொடைப் பொருளும் தொன்றுதொட்டே இயைந்து வந்துள்ளது. 4ஆம் நூற்றாண்டில் வுல்பிலா செய்த கோத்திய விவிலிய மொழிபெயர்ப்பில், இவ்வடியிற் பிறந்த 'ஃப்ராகிஃப்ட்ஸ்' என்னும் சொல் மண உறுதியைக் குறிக்கின்றது. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் மணமகளின் பொருட்டுத் தரும் பொருளையும், பன்மையில் திருமணத்தையும் உணர்த்திற்று. சுவீடியத்தில் 'மணமானவர்' என்னும் பொருள் இவ்வழியே வந்தது.

இனி, வடிவொற்றுமை ஒன்றே கொண்டு வரலாறும் ஒன்றெனல் பொருந்தாது. பழைய ஆங்கிலச் சொல்லின் முதலொலி யகரத்தை ஒத்தது. இன்றைய ஆங்கிலச் சொல்லின் வல்லொலியோ, 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காந்திநேவியரின் மொழியால் வந்தது. சுவீடியத்திலும் 'மணமானவர்' என்பது அம்மொழிக்குரிய சொல். 'நஞ்சு' என்பது ஜெர்மன் நிலத்து வழக்கிலிருந்து பெற்ற கடன். ஒரே மொழியில் ஒரே வடிவாய் நிற்பவை இருவேறு வழிகளில் வந்தவை என்பது இதனாற் புலனாம்.

ஜெர்மனில் நஞ்சுப் பொருள் வந்தது எவ்வாறு? கிரேக்கத்தில் 'டோசிஸ்' என்பது முதற்கண் 'கொடுத்தல்'. பின்னர் மருத்துவ வழக்கில் 'கொடுக்கும் மருந்தளவு'. அது இலத்தீனுக்குச் சென்றது. அச்சொல்லின் பொருளைத் தழுவியே ஜெர்மன் சொல்லும் இப்பொருள் பெற்றது என்பது சொற்பிறப்பு நூலார் கருத்து.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் இதனை ஏற்றிலர். இச்சொல்லைப் பற்றி 1924இல் தனிக்கட்டுரை வரைந்த அவர், 1925இல் வெளிவந்த கொடை பற்றிய பெருங்கட்டுரையிலும் இதனைத் தொட்டுக் காட்டினார். கொடை பெறுவோனைப் பிணிக்கும். கொடையாகத் தரும் பானம் நஞ்சாதலும் கூடும். ஆதலின் இருபொருளும் ஒருங்கியைந்தன என்பது அவர் துணிபு. மக்கள் நாளும் வழங்கும் பொருளுக்குக் கற்றோர் சொல் பெயராதல் இயல்பன்று என்பது அவர் எழுப்பிய தடை.

அவர்தம் நுண்மாண் நுழைபுலம் போற்றற்குரியது; முடிபு ஏற்றற்குரியதன்று. இருபொருளும் தொன்மையவாயின், நஞ்சுப் பொருள் கோத்தியத்திலும் பழைய ஆங்கிலத்திலும் பழைய நார்சியத்திலும் காணப்படல் வேண்டும். அஃது ஆண்டு இல்லை. நஞ்சுக்கு அம்மக்களிடம் வேறு பெயர் இருந்தது: பழைய ஆங்கிலத்தில் 'ஆட்டர்', பழைய நார்சியத்தில் 'எய்ட்ர்', பழைய உயர்ஜெர்மனில் 'எய்டர்'. இன்றைய ஜெர்மனில் 'எய்டர்' சீழை மட்டும் குறிக்கும். பழம்பெயர் ஒதுங்க, 'கொடுக்கப்பட்டது' என்னும் மென்சொல் அவ்விடத்தைப் பெற்றது.

மோஸ் எழுப்பிய தடைக்கும் இதுவே விடை. நம் இலக்கணத்தார் தகுதி வழக்கினுள் மங்கலத்தையும் குழூஉக்குறியையும் அடக்கினர். மருத்துவக் குழுவின் சொல், அச்சந்தரும் பொருளை மறைத்துக் கூறும் மங்கலச் சொல்லாகி மக்களிடைப் பரவுதல் வியப்பன்று. பிரெஞ்சில் நஞ்சைக் குறிக்கும் 'புவாசோன்' என்பதும் 'பருகுவது' என்னும் பொருளுடைய இலத்தீனச் சொல்லின் வழிவந்ததே.

ஜெர்மானியர் தாமும் இரண்டையும் மயங்க விட்டிலர். சீதனத்தைக் குறிக்கும் 'மிட்கிஃப்ட்' பெண்பால். நஞ்சைக் குறிக்கும் 'கிஃப்ட்' இன்று அலிப்பால். டச்சு மொழியோ கொடையைக் 'கிஃப்ட்' என்றும், நஞ்சை ஈற்றொலி குறைத்துக் 'கிஃப்' என்றும் பிரித்து வழங்குகின்றது.

ஆதலின், கொடையை நஞ்செனக் கண்டதோர் இனத்தின் உள்ளத்தை இச்சொல் காட்டுகின்றது என்றல் பொருந்தாது. நஞ்சின் பெயரைச் சொல்ல அஞ்சிய மாந்தரையே அது காட்டுகின்றது. பொருள்களை இணைக்கும் கருத்து எத்துணை அழகியதாயினும், சொல் வந்த வழியும் காலமும் அதற்குச் சான்று பகர்தல் வேண்டும் என்பதே எம் கருத்து.