உள்ளங்கையில் அடங்கும் ஓவியங்கள்

சூப்பர்ஹீரோ டிரேடிங் கார்டின் வழக்கமான அளவு, இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். அந்த இடத்துக்குள் ஓர் ஆளைப் பாயவோ பறக்கவோ விட்டு, அவன் பலத்தையும் குணத்தையும் ஒரே பார்வையில் சொல்லிவிட வேண்டும். காமிக்ஸ் பக்கத்தில் ஒரு கட்டத்தில் விட்டதை அடுத்த கட்டத்தில் பிடித்துக்கொள்ளலாம். அட்டையில் அடுத்த கட்டம் கிடையாது. இதைத் தனிக் கலையாகப் பார்க்கிறவனே நல்ல சேகரிப்பாளன் என்பது என் கட்சி. முதலீடு என்று பணம் போடுகிறவனுக்கும் அந்தப் பார்வைதான் கடைசியில் கைகொடுக்கிறது.

ஆடம் வெஸ்ட் நடித்த பேட்மேன் தொடர் 1966 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கியது. அந்த அலையிலேயே டாப்ஸ் நிறுவனம் பபிள்கம்மோடு பேட்மேன் அட்டைகளை விற்றது. முதல் செட் 55 அட்டைகள். முகப்பில் உள்ள கறுப்பு வௌவால் சின்னத்தை வைத்து அதை ‘பிளாக் பேட்’ என்கிறார்கள். பாப் பவல் கோடு போட, நார்மன் சாண்டர்ஸ் வண்ணம் தீட்டினார். சாண்டர்ஸ் 1930களிலும் 40களிலும் ‘பல்ப்’ எனப்பட்ட மலிவுக் கதைப் பத்திரிகைகளுக்கு அட்டைப்படம் வரைந்து தேறிய கை. 1962இல் வந்த ‘மார்ஸ் அட்டாக்ஸ்’ அட்டைகளின் வண்ணமும் அவருடையதே. தொலைக்காட்சி பேட்மேன் கேலியும் கூத்துமாக இருந்தார். சாண்டர்ஸின் பேட்மேனுக்கோ ஆபத்து மெய்யானது. முகத்தில் விழும் நிழலும், வில்லனின் பல்லிளிப்பும், கொதிக்கும் சிவப்பும் மஞ்சளும் பழைய துப்பறியும் பத்திரிகையின் திகிலை அப்படியே தருகின்றன.

சிறுவர்கள் அந்த அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்கள், கால்சட்டைப் பையில் திணித்தார்கள், சைக்கிள் சக்கரத்தில் செருகினார்கள். கம்மின் கறை வேறு ஏறியது. ஆகவே மூலை மழுங்காமல் மிஞ்சியவை குறைவு. யாரும் பத்திரப்படுத்த நினைக்காததால் வந்த அருமை இது.

1990இல் நிலைமை தலைகீழானது. இம்பெல் நிறுவனம் வெளியிட்ட ‘மார்வெல் யூனிவர்ஸ்’ செட்டில் 162 அட்டைகள், அவற்றோடு தேடிப் பிடிக்க 5 ஹாலோகிராம்கள். அட்டையின் பின்புறத்தில் கிரிக்கெட் வீரரின் புள்ளிவிவரம் போல ஒவ்வொரு பாத்திரமும் எத்தனை சண்டையில் வென்றது, எத்தனையில் தோற்றது என்ற கணக்கு இருக்கும். அருமையான செட். ஆனால் நாளைக்கு விலை ஏறும் என்று நம்பி வாங்கியவர்கள் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்தார்கள். அச்சிட்டதும் ஏராளம், மிஞ்சியதும் ஏராளம். இன்றும் அடிப்படைச் செட்டைச் சுலபமாக வாங்கிவிடலாம். தொண்ணூறுகளின் நடுவில் அட்டைச் சந்தையே சரிந்தது. ஃபிளீர், ஸ்கைபாக்ஸ் என்று அட்டை நிறுவனங்களை வாங்கிக் குவித்திருந்த மார்வெல், 1996 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கோரும் நிலைக்கு வந்தது.

அந்தப் பெருக்கத்தின் நடுவிலேதான் என் மனத்தில் முதலிடம் பிடித்த செட் வந்தது. 1992இல் ஸ்கைபாக்ஸ் வெளியிட்ட ‘மார்வெல் மாஸ்டர்பீசஸ்’. 100 அட்டைகள் கொண்ட செட்டை ஜோ ஜஸ்கோ என்ற ஒரே ஓவியர் தீட்டினார். மார்வெல் காமிக்ஸ் ஓவியர் ஜான் புசெமாவின் உடற்கட்டு இலக்கணத்தில் ஊறியவர் அவர். அவருடைய ஹல்க்கைப் பாருங்கள்: தசைக்கு எடை உண்டு, அந்த எடைக்கு ஏற்ப உடல் ஊன்றி நிற்கிறது. சில்வர் சர்ஃபரின் வெள்ளி மேனிக்கு வெள்ளி நிறம் என்று ஒன்றும் பூசவில்லை. சாம்பலும் நீலமும் வெள்ளையும் அடுத்தடுத்து அமர்ந்து உலோகமாகின்றன. தி திங்கின் கல்தோலில் ஒவ்வொரு சில்லும் தனித்தனியே வெளிச்சம் வாங்குகிறது. கதைக்காரர்கள் கோடுகளால் காட்டிய ஆட்களுக்கு ஜஸ்கோ சதை வைத்தார்.

பெயர் நிலைத்தது. 1994இல் கிரெக், டிம் ஹில்டிபிராண்ட் என்னும் இரட்டையர் அதே பெயரில் ஒரு செட் தீட்டினார்கள். 1996இல் போரிஸ் வயேஹோ, ஜூலி பெல் தம்பதியர். 2016இல் ஜஸ்கோவே திரும்பி வந்து 135 புதிய ஓவியங்கள் தந்தார். இரண்டு ஜஸ்கோ செட்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தனிச் சுகம். முன்னதில் இளமையின் வேகம், பின்னதில் காட்சியமைப்பின் நிதானம்.

இனி பணம். பி.எஸ்.ஏ. போன்ற தரநிர்ணய நிறுவனங்கள் ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போட்டு, அட்டையைக் கெட்டிப் பிளாஸ்டிக் பேழைக்குள் அடைத்துத் தருகின்றன. படம் நடுவே அமைந்திருக்கிறதா, மூலை, விளிம்பு, மேற்பரப்பு எப்படி என்று பார்ப்பார்கள். ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையே கண்ணுக்கு அரிதாகவே வித்தியாசம் தெரியும், விலையிலோ பல மடங்கு. பத்து என்பது அச்சகமும் பேக்கிங்கும் தந்த அதிர்ஷ்டத்துக்கான மதிப்பெண். தூரிகைக்கு அங்கே மதிப்பெண் இல்லை.

தூரிகைக்கே பணம் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு ஸ்கெட்ச் கார்டு இருக்கிறது. 1998இல் வந்த ‘மார்வெல் கிரியேட்டர்ஸ் கலெக்‌ஷன்’ பாக்கெட்டுகளில், ஓவியர்கள் கையால் வரைந்த அட்டைகளும் கலந்து வந்தன. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அச்சட்டை வண்ணப் புள்ளிகளாகச் சிதறும். ஸ்கெட்ச் கார்டில் பேனாவின் அழுத்தமே தெரியும். உலகத்தில் அதுபோல் இன்னொன்று கிடையாது என்பதற்குச் சான்றிதழ் தேவையில்லை.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது இதுதான். பேழையில் அடைக்காத 1992 ஜஸ்கோ செட் ஒன்றை வாங்கி, அட்டை அட்டையாக எடுத்துப் பாருங்கள். எந்தப் பத்து அட்டைகளுக்குக் கண் திரும்பத் திரும்பப் போகிறது, ஏன் போகிறது என்று எழுதி வையுங்கள். பிறகு மூலை மழுங்கிய ஒரு சாண்டர்ஸ் பேட்மேன் வாங்குங்கள். விற்பவர் எண்ணைக் காட்டி விலை சொல்வார். நீங்கள் படத்தைப் பார்த்துப் பதில் சொல்லப் பழகியிருப்பீர்கள். சந்தை ஏறினால் லாபம். இறங்கினாலும், நல்ல ஓவியத்துக்குக் கொடுத்த பணம் வீணாகாது.