மல்லாட்டை திரவமா?

சென்ற புரட்டாசியில் ஒரு மாலை, திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உரித்த மல்லாட்டையைப் படியால் அளந்துகொண்டிருந்தோம். (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அதுதான்.) மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகள் படியிலிருந்ததைச் சொம்பில் கொட்டினாள். சொம்பிலிருந்து ஒரு டம்ளரை நிரப்பினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "மாமா, மல்லாட்டை திரவமா?" என்று கேட்டாள்.

அவள் கேள்விக்குக் காரணம் இருந்தது. திண்மத்திற்குத் தனக்கென ஒரு வடிவம் உண்டு. திரவம் தான் இருக்கும் பாத்திரத்தின் வடிவத்தைப் பெறும் என்பது அவள் பள்ளியில் படித்த இலக்கணம். மல்லாட்டையோ படியில் படியின் வடிவத்தையும், சொம்பில் சொம்பின் வடிவத்தையும் பெற்றது. இலக்கணத்தை வைத்துப் பார்த்தால் அவள் நினைத்தது சரிதானே? "அது திண்மம்தாம்மா, பரீட்சையில அப்படியே எழுது" என்று நான் சொன்னேன். அவள் அப்படியே எழுதினாள்; முழு மதிப்பெண்ணும் பெற்றாள். மல்லாட்டையைப் பற்றி அதன் பிறகு அவள் பேசவில்லை. இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்று, விழுப்புரத்தில் கல்லூரி மாணவர்களுக்கு அப்பாடத்தையே கற்பித்து வரும் ஒருவன் அளித்த விடை இது!

அந்த வெட்கத்தில்தான் அவளுடைய அறிவியல் நூலை எடுத்துப் படித்தேன். தமிழ்நாட்டில் புதிய பாடத்திட்டம் 2018-19ஆம் கல்வியாண்டில் முதல் வகுப்புக்கும், அடுத்த ஆண்டில் மூன்றாம் வகுப்புக்கும் வந்தது. நல்ல தாள், வண்ணப் படங்கள், செல்பேசியில் காட்டினால் பாடம் விரியும் கட்டக் குறியீடுகள் என்று நூல்களின் தோற்றம் பெரிதும் உயர்ந்துவிட்டது. நான் படித்த காலத்து நூல்களுடன் ஒப்பிட்டால் பொறாமையே உண்டாகிறது. செயல்பாடுகளுக்கும் குறைவில்லை. ஆனால் முதலிரு வகுப்புகளில் சூழ்நிலையியல் என்று ஒன்றாக இருந்த பாடம் மூன்றாம் வகுப்பில் அறிவியல், சமூக அறிவியல் என இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. எட்டு வயதுக் குழந்தைக்கு முதல் பருவத்திலேயே பொருள்களின் நிலைகளும் விசையும் வந்துவிடுகின்றன.

இந்தப் பிரிவினை தேவைதானா என்பது பழைய விவாதம். தொடக்கப் பள்ளியில் அறிவியலையும் சமூகத்தையும் சூழ்நிலையியல் என்ற ஒரே பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்று தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் 1975லேயே கூறியது. இன்றும் அதன் நூல்களில் அறிவியல் தனிப்பாடமாவது ஆறாம் வகுப்பில்தான். குழந்தைகளின் புத்தகச் சுமையை ஆராய்ந்த குழு ஒன்று 1993இல் அறிக்கை அளித்தது. அதன் தலைவர் பேராசிரியர் யஷ்பால் ஓர் இயற்பியலாளர். முதுகில் சுமக்கும் பையைவிடப் புரியாமல் சுமக்கும் பாடமே பெரிய சுமை என்பது அவ்வறிக்கையின் சாரம்.

தொடக்க வகுப்பு நூல்களின் நோக்கம் என்ன என்று கேட்டால், உற்றுநோக்கல், வினாவுதல், வகைப்படுத்துதல் என்றே கல்வியாளர்கள் விடை தருவர். ஒரு நூலின் உண்மையான நோக்கத்தை முன்னுரையில் தேடிப் பயனில்லை. பாடத்தின் இறுதியிலுள்ள வினாக்களில் தேட வேண்டும். கோடிட்ட இடத்தை நிரப்புக, பொருத்துக, வகைப்படுத்துக என்னும் வினாக்களுக்குக் குழந்தை தரவேண்டியது பெரும்பாலும் ஒரு பெயர். கல் என்றால் திண்மம், பால் என்றால் திரவம். எந்தப் பட்டியலிலும் எளிதில் அடங்காத மணல், மாவு, உப்பு, தயிர் ஆகியவை இத்தகைய வினாக்களில் இடம்பெறுவதில்லை. குழந்தையின் அடுக்களையில் இருப்பவையோ இவைதான்!

விசையை எடுத்துக்கொள்வோம். தள்ளுதலும் இழுத்தலும் விசை என்று எட்டு வயதில் கற்கிறோம். விழுப்புரத்தில் முதலாண்டு இளநிலை மாணவர்களிடம் ஆண்டுதோறும் ஒரு கேள்வி கேட்பேன். மேலே எறிந்த பந்து கையை விட்டு நீங்கி ஏறிக்கொண்டிருக்கிறது. அதன்மீது செயல்படும் விசைகளை அம்புக்குறியிட்டுக் காட்டுங்கள். வகுப்பில் பாதிக்கு மேல் மேல்நோக்கி ஓர் அம்பு வரைவார்கள். கைவிட்ட பின்னும் கையின் விசை பந்தோடு செல்வதாக அவர்கள் நினைக்கிறார்கள். காற்றின் சிறு தடையை விட்டுவிட்டால், புவியீர்ப்பு ஒன்றே அங்குள்ள விசை, அது கீழ்நோக்கியது. நம் பிள்ளைகள் மட்டமானவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. பிரான்சில் லோரான்ஸ் வியெனோ என்னும் ஆய்வாளர் பல்கலைக்கழக மாணவர்களிடமும் இதே போன்ற எண்ணத்தைக் கண்டு 1979இல் எழுதினார். ஓடுகிற பொருளுக்குள் விசை இருக்கிறது என்பது குழந்தைப் பருவத்தில் நாமே அமைத்துக்கொண்ட இயற்பியல். பள்ளியில் கற்ற இலக்கணம் அதன்மேல் சுண்ணாம்பு பூசுவதுபோல் அமர்ந்துவிடுகிறது. உள்ளே சுவர் பழையதுதான்.

இம்மாணவர்களில் அரசுப் பள்ளிகளில் படித்தவர்கள், 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், அட்டைகளும் ஏணிப்படிகளுமாகக் கற்றவர்கள். பாய் விரித்து வட்டமாக அமர்ந்து படித்தது மகிழ்ச்சியான காலம் என்றே பலரும் சொல்கிறார்கள். அது சிறிய பேறன்று. ஆனால் கற்கும் முறை மாறிய அளவுக்கு, விடையாக எதிர்பார்த்தது மாறவில்லை என்பது என் கருத்து. கொள்ளைநோய்க் காலத்து இழப்பை ஈடுசெய்ய 2022இல் தொடங்கிய திட்டம், எட்டு வயதுக்குள் பிழையின்றி வாசிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்கிறது. இரண்டாண்டு பள்ளி மூடிக்கிடந்த பிறகு அந்த அவசரத்தை யாரும் குறை கூற இயலாது. எனினும் அதன் பெயரே 'எண்ணும் எழுத்தும்'. கண்ணால் பார்ப்பதற்கு அப்பெயரில் இடமில்லை.

மல்லாட்டைக்கு வருவோம். அன்று நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஒன்றும் சொல்லாமல், ஒரு படி மல்லாட்டையைத் தரையில் கொட்டச் சொல்லி, பக்கத்தில் ஒரு டம்ளர் நீரையும் ஊற்றச் சொல்லியிருக்கலாம். நீர் பரவி ஓடிவிடும். மல்லாட்டை குவியலாக நிற்கும். மரக்காணம் உப்பளங்களில் உப்பு அம்பாரமாக நிற்பதும் இதனால்தான். ஒன்றோடொன்று உராயும் மணிகள் குறிப்பிட்ட ஒரு சரிவுவரை சரியாமல் தாங்கிக்கொள்கின்றன. ஒரு மணியைத் தனியே எடுத்தால் அது எந்தப் பாத்திரத்திலும் தன் வடிவத்தை விடாது. ஆக ஒவ்வொரு மணியும் திண்மம்; கூட்டமாகக் கொட்டும்போது ஓடுகிறது; கொட்டி முடித்ததும் நின்றுவிடுகிறது. இதைக் கண்டுகொள்ள எட்டு வயது போதும்.

இது குழந்தை விளையாட்டு மட்டுமன்று. நீர்த்தொட்டியில் ஆழம் கூடக் கூட அடியில் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். உயரமான தானியக் குதிரில் அப்படியில்லை. ஓர் உயரத்துக்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் அடித்தள அழுத்தம் ஏறக்குறைய மாறுவதில்லை. எஞ்சிய எடையை உராய்வின் வழியே சுவர்கள் தாங்கிக்கொள்கின்றன. ஜெர்மானியப் பொறியாளர் யான்சன் 1895இல் இதை விளக்கினார். மணிக்குவியல்களின் இயற்பியல் இன்றும் ஆய்வாளர்களுக்கு வேலை தந்துகொண்டிருக்கிறது. அந்தத் துறையின் வாசற்படியில் நின்றுதான் அச்சிறுமி கேட்டாள்.

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பதிவேடுகளையும் நிரப்பிக்கொண்டு, இதற்கெல்லாம் ஆசிரியருக்கு நேரமேது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வீட்டில் ஒரே ஒரு குழந்தையிடம் எனக்கே பொறுமையில்லை. ஆகவே நூலே இடம் தரவேண்டும். மூன்று நிலைகளின் இலக்கணம் நான்காம் வகுப்புக்குப் போகட்டும். மூன்றாம் வகுப்பில் ஒரே ஒரு பக்கம் போதும்: நீர், மணல், அரிசி, தோசை மாவு ஆகியவற்றை ஊற்றிப் பார், எது ஓடியது, எது குவிந்தது, எது ஓடிப் பின் நின்றது என்று வரைந்து காட்டு. கீழே விடை அச்சிடாமல் பாதிப் பக்கம் வெறுமையாக இருக்கட்டும். தோசை மாவை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று வகுப்பில் சண்டை வந்தால், ஆசிரியர் அதை மறுநாள்வரை தீர்த்து வைக்க வேண்டாம்.